நாடோடிப் பண்டிதரைப் படமெடுப்பது எப்படி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

திபெத்திய மொழிக்கு அகராதியும் இலக்கணமும் எழுதி 1834-இல் கொல்கத்தாவில் அச்சேற்றியவர் அலெக்சாண்டர் சோமா (1784-1842). அவரைப் பற்றிய ஆவணப்படங்களைப் பார்த்துவிட்டுச் சந்தேகம் கேட்டும், தாமே ஒரு படம் எடுக்க யோசனை கேட்டும் வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

சோமா ஹங்கேரியிலிருந்து திபெத்துக்கு நடந்தே போனார் என்று ஒரு படத்தில் கேட்டேன். அத்தனை தூரம் நடக்க முடியுமா?
- திரைப்படச் சங்க உறுப்பினர், மதுரை

அந்த ஒரு வாக்கியத்திலேயே மூன்று திருத்தம் தேவை.

முதலில், புறப்பட்ட இடம். அவர் பிறந்த கோரோஷ், டிரான்சில்வேனியாவில் உள்ள ஒரு சிற்றூர். அன்று ஹாப்ஸ்பர்க் ஆட்சியில் இருந்தது, இன்று ருமேனியாவில் இருக்கிறது. தாய்மொழிதான் ஹங்கேரியன். படித்ததும் டிரான்சில்வேனியக் கல்லூரி ஒன்றில்தான். பிறகு ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் 1816 முதல் 1818 வரை இருந்தார். வரைபடத்தில் புடாபெஸ்ட்டிலிருந்து சிவப்புக் கோடு இழுத்துப் படத்தைத் தொடங்கினால் முதல் காட்சியே பிழையாகிவிடும்.

இரண்டாவது, நடை. 1819 நவம்பரில் கிளம்பியவர் நிறையவே நடந்தார். ஆனால் அலெக்சாண்ட்ரியாவுக்குப் போனது கப்பலில். மொசூலிலிருந்து பாக்தாத்துக்கு டைக்ரிஸ் ஆற்றில் தெப்பம். பாலைவழிகளில் வணிகர் கூட்டத்தோடு சேர்ந்து போனார். 1820 அக்டோபரில் தெஹ்ரான் சேர்ந்து, அங்கிருந்து ஆர்மீனிய வியாபாரி போல உடை மாற்றிக்கொண்டு மஷாத், புகாரா, பால்க், பாமியான் வழியாக 1822 ஜனவரியில் காபூலுக்கு வந்தார். மார்ச்சில் லாகூர், ஜூனில் லடாக்கின் லே. இந்த விவரமெல்லாம் இருக்கும்போது, தடியூன்றி மலையேறும் நிழலுருவத்தையே பத்து நிமிடம் காட்டுவது சோம்பல்.

மூன்றாவது, திபெத். அதன் தலைநகர் லாசாவை அவர் கண்ணால் கண்டதே இல்லை. அவர் உட்கார்ந்து படித்த ஊர்கள் மூன்று: சான்ஸ்காரில் சாங்லா (1823-24), அதே பகுதியில் புக்தல் மடம் (1825-26), கின்னௌரில் கானம் (1827-30). முதல் இரண்டும் இன்று லடாக்கில், மூன்றாவது இமாசலப் பிரதேசத்தில். விசா இல்லாமல் ரயிலிலும் பேருந்திலும் போய் எடுத்துவரக்கூடிய படம் இது என்பதைத் தமிழ்நாட்டு இளைஞர்கள் கவனிக்க வேண்டும்.

பெயரை எப்படிச் சொல்வது? பின்னணிக் குரலில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி சொல்கிறார்கள்.
- வாசகி, ஈரோடு

ஹங்கேரியர்கள் 'கோரோஷி சோமா ஷாந்தோர்' என்பார்கள். 'கோரோஷி' என்றால் கோரோஷ் ஊர்க்காரர், 'சோமா' குடும்பப் பெயர், 'ஷாந்தோர்' என்பது அலெக்சாண்டர். நாம் ஊரையும் தகப்பனார் பெயரையும் முன்னால் வைத்துக்கொள்வதைப் போல அவர்களும் சொந்தப் பெயரைக் கடைசியில் வைப்பார்கள். சோமாவில் வரும் ச, 'பச்சை'யில் உள்ள ச்ச போல ஒலிக்க வேண்டும், 'சோமவாரம்' போல அல்ல. குரல் கொடுப்பவருக்கு எழுத்துப்படியில் 'ச்சொமா' என்றே எழுதிக் கொடுங்கள். ஒலிப்பதிவு அறையில் நின்றுகொண்டு திருத்துவதைவிட அது எளிது.

தன் இனத்தின் வேரைத் தேடி ஆசியாவுக்கு வந்தாராமே, கிடைத்ததா?
- பள்ளி ஆசிரியர், தஞ்சாவூர்

கிடைக்கவில்லை. அவர் தேடிய திசையில் அது இல்லை. நடு ஆசியாவின் உய்குர் மக்களிடம் ஹங்கேரியரின் தொன்மை தெரியவரும் என்று நம்பி, லேயிலிருந்து யார்க்கண்டுக்குப் போகப் பார்த்தார். செலவும் ஆபத்தும் மிகுதி என்று தெரிந்து திரும்பினார். திரும்பும் வழியில், 1822 ஜூலை 16 அன்று, திராஸ் அருகே கிழக்கிந்தியக் கம்பெனியின் கால்நடை மருத்துவர் வில்லியம் மூர்கிராஃப்டைச் சந்தித்தார். 1762-இல் ரோமில் அச்சான ஜோர்ஜியின் திபெத்திய எழுத்து நூல் மூர்கிராஃப்டிடம் இருந்தது. அதைப் புரட்டிய பிறகுதான் சோமாவின் பயணம் திபெத்திய மொழிப் பக்கம் திரும்பியது.

ஹங்கேரியனின் நெருங்கிய உறவுமொழிகளான காந்தி, மான்சி இரண்டும் மேற்கு சைபீரியாவில் ஓப் ஆற்றுப் பக்கம் பேசப்படுகின்றன. ஃபின்னிஷ் தூரத்து உறவு. தண்ணீருக்கு ஹங்கேரியனில் 'வீஸ்', ஃபின்னிஷில் 'வெசி'. மீனுக்கு 'ஹொல்', 'கலா'. கைக்கு 'கேஸ்', 'கேசி'. இந்த உறவைக் காட்டும் ஒப்பீட்டு நூல் ஒன்று, சோமா கோட்டிங்கனுக்குப் போவதற்கு முன்பே, 1799-இல் அதே கோட்டிங்கனில் வெளிவந்திருந்தது.

தமிழ்ப் பார்வையாளருக்காக ஓர் எச்சரிக்கை. ஹங்கேரியனில் 'ஹாஸ்' என்றால் வீடு, 'ஹாஸொக்பொன்' என்றால் வீடுகளில். வீடு, கள், இல் என்று நம் சொல் அடுக்குவது போலவே அதுவும் அடுக்கும். இதைப் படத்தில் காட்டினால் பார்ப்பவர் முகம் மலரும், நிச்சயம் காட்டுங்கள். ஆனால் ஒட்டுமுறை ஒன்றாக இருப்பதால் மட்டும் இரத்த உறவு வந்துவிடாது என்பதையும் அடுத்த வரியிலேயே சொல்லிவிடுங்கள். ஜப்பானியமும் துருக்கியும்கூட இப்படித்தான் ஒட்டும்.

அகராதி எழுதுவதை எப்படிக் காட்சியாக்குவது? ஒருவர் உட்கார்ந்து எழுதுவதை யார் பார்ப்பார்கள்?
- காட்சித் தொடர்பியல் மாணவர், கோயம்புத்தூர்

இதுதான் உங்கள் படத்தின் உயிர். இங்கே சறுக்கினால் வேறு எங்கும் ஈடுகட்ட முடியாது.

அவர் தனியாக உட்காரவில்லை. எதிரே சங்யே புன்ட்சோக் என்ற சான்ஸ்கார் லாமா இருந்தார். மருத்துவம், சோதிடம், சமயநூல் எல்லாம் அறிந்தவர். அகராதியின் முகப்புப் பக்கத்திலேயே, சான்ஸ்காரின் கற்றறிந்த லாமா ஒருவரின் துணையோடு தயாரித்தது என்று அவர் பெயரைச் சோமா அச்சிட்டிருக்கிறார். பிற்காலத்தில் வந்த எத்தனையோ எழுத்துகளும் படங்களும் அந்தப் பெயரை விட்டுவிட்டு, தனிமைத் துறவி என்ற ஒரு பிம்பத்தை வளர்த்துக்கொண்டன. அகராதி என்பது கேள்வி கேட்பவரும் பதில் சொல்பவரும் சேர்ந்து செய்வது. ஃபிரேமில் எப்போதும் இரண்டு பேர் இருக்கட்டும்.

சாங்லாவில் அவர்கள் வேலை செய்த அறை ஒன்பதடிச் சதுரம். குளிர்காலத்தில் மூன்று நான்கு மாதம் வெளியே வர முடியாது. ஆட்டுத்தோல் அங்கிக்குள் கையைப் புதைத்துக்கொண்டு காலையிலிருந்து மாலைவரை படிப்பார்கள். தீ கிடையாது, இருட்டிய பிறகு விளக்கும் கிடையாது, படுக்கை வெறுந்தரை. ஏட்டைத் திருப்ப ஒரு கையை வெளியே எடுத்தாக வேண்டும், திருப்பியதும் கை மறுபடி உள்ளே போய்விடும். இந்த ஒரு அசைவைப் பொறுமையாக எடுங்கள், வசனமே வேண்டாம்.

பலர் இங்கே நெய்விளக்கு ஏற்றி, முகத்தில் பொன்னிற ஒளி விழ வைக்கிறார்கள். அழகாக இருக்கும், ஆனால் பொய். ஒரே சன்னல் வழியே வரும் பகல் வெளிச்சம் போதும். வெளிச்சம் மங்கினால் படிப்பு நிற்கும், காட்சியும் அங்கே நிற்கட்டும்.

செட் போடுவதானால் 2.75 மீட்டர் சதுரம். லென்ஸ் தேர்வில் கவனம் வேண்டும். முழுஃபிரேம் கேமராவில், 2.5 மீட்டர் தள்ளி நின்றால், 50 மி.மீ. லென்ஸ் 1.8 மீட்டர் அகலத்தைத்தான் பிடிக்கும், இரண்டு பேர் நெருக்கி உட்கார்ந்தால் சரி. 35 மி.மீ. லென்ஸ் சுமார் 2.6 மீட்டர் பிடிக்கும். 24 மி.மீ. போட்டால் 3.75 மீட்டர் வந்து, அந்தப் பொந்து கல்யாண மண்டபம் போல விரிந்துவிடும். அறை சிறியது என்று குரல் சொல்லிக்கொண்டிருக்கும்போது படம் பெரியதாகக் காட்டினால் பார்ப்பவர் எதை நம்புவார்? 35-இலேயே நில்லுங்கள். ஒரு சுவரைக் கழற்றக்கூடியதாக வைத்துக்கொண்டால் கேமராவுக்கு இடம் கிடைக்கும்.

அவருடைய புகைப்படம் எங்கே கிடைக்கும்?
- வாசகர், திருச்சி

புகைப்படம் கிடையாது. ஓவியர் ஷோஃப்ட் 1840-இல் கொல்கத்தாவில் நேரில் பார்த்து வரைந்த உருவம் ஒன்றே நம்பகமானது. மற்ற படங்கள், சிலைகள் எல்லாம் அதிலிருந்து பிறந்தவை. அந்த ஓவியத்தைப் படத்தில் ஒரே ஒரு முறை, வாழ்வின் கடைசிப் பகுதியில், சில விநாடி அசையாமல் காட்டினால் போதும்.

முதல் திபெத்திய அகராதி அவருடையதுதானே?
- போட்டித் தேர்வு மாணவி, சேலம்

இல்லை. 1826-இலேயே வங்காளத்தின் சீராம்பூரில், பாதிரியார் ஒருவரின் கையெழுத்துப்படியை வைத்து ஒரு திபெத்திய-ஆங்கில அகராதி அச்சாகிவிட்டது. பிழைகள் மலிந்தது. திபெத்திய நூல்களை நேரடியாகப் படித்து, கற்றவர் ஒருவரிடம் கேட்டுச் செய்த முதல் நம்பகமான அகராதி சோமாவினுடையது. 'முதல்' என்ற சொல்லைப் படத்தில் போட்டால் 'நம்பகமான' என்பதையும் சேர்த்தே போடுங்கள். கூடவே அவர் செய்த இன்னொரு வேலையையும் விட்டுவிடக் கூடாது. கங்யூர் எனப்படும் 100 தொகுதி பௌத்தத் திருநூல் திரட்டில் என்ன என்ன இருக்கிறது என்று முதன்முதலாக ஐரோப்பிய வாசகருக்கு விவரித்துக் காட்டினார். 1836-இல் ஆசியக் கழகத்தின் வெளியீட்டில் அது வந்தது.

சாங்லா, புக்தல் போக எந்த மாதம் நல்லது? எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?
- குறும்பட இயக்குநர், சென்னை

ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை. கார்கிலிலிருந்து சான்ஸ்காரின் முக்கிய ஊரான பதும் போகும் பழைய பாதை சுமார் 4,400 மீட்டர் உயரமுள்ள பென்சி லா கணவாயைத் தாண்டுகிறது. குளிர்காலத்தில் பனி மூடிவிடும்.

சென்னையிலிருந்து விமானத்தில் லேக்குப் போய் இறங்கினால் ஒரே நாளில் கடல்மட்டத்திலிருந்து 3,500 மீட்டருக்கு ஏறியிருப்பீர்கள். முதல் இரண்டு நாள் படப்பிடிப்பு வேண்டாம், மூன்றாம் நாள் ஊருக்குள் மட்டும் மெல்ல வேலை செய்யலாம். 'எனக்கு ஒன்றும் செய்யவில்லை' என்று முதல் நாளே கேமராவைத் தூக்கிக்கொண்டு லே அரண்மனைக்கு ஏறுபவர்தான் இரண்டாம் நாள் தலைவலியோடும் வாந்தியோடும் படுப்பார். ஓய்வெடுத்தும் தலைவலி விடாமல், நடை தள்ளாடினால், மாத்திரையை நம்பி உட்காராமல் உடனே கீழே இறக்கிவிட வேண்டும். குழுவில் ஒருவருக்கு அந்த முடிவெடுக்கும் அதிகாரத்தை முன்னதாகவே கொடுத்துவிடுங்கள். இயக்குநருக்கு அது கூடாது, அவருக்கு ஷாட்தான் கண்ணில் நிற்கும்.

லேயில் மூன்று நாள், போக வர நான்கு நாள், சாங்லாவில் மூன்று, புக்தலுக்கு நடையும் சேர்த்து மூன்று, சாலை அடைபட்டால் என்று இரண்டு. பதினைந்து நாளுக்குக் குறைவாகத் திட்டமிடாதீர்கள். சாங்லாவின் பழைய அரண்மனையை ஹங்கேரியத் தன்னார்வலர்கள் சில ஆண்டுகளாகப் பழுதுபார்த்து வருகிறார்கள், சோமாவின் அறை அங்கேதான். புக்தலில் அவர் தங்கியதைச் சொல்லும் கல்வெட்டுப் பலகை இருக்கிறது. மடத்துக்குள் எடுக்க மூத்த துறவியிடம் கேட்டு, அவர் சொன்ன இடத்தில் மட்டும் எடுக்க வேண்டும். சுவரோவியத்தின் மேல் விளக்கு அடிக்கவே கூடாது.

பழைய ஆவணங்களில் ஊர்ப்பெயர் வேறு எழுத்தில் இருக்கும். சாங்லாவை 'யாங்லா' என்றும், புக்தலைப் 'புக்டால்' என்றும் எழுதியிருப்பார்கள். அது தெரியாமல் இரண்டையும் தனித்தனி ஊராக வரைபடத்தில் குறித்துவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

அந்தக் குளிரில் கேமரா வேலை செய்யுமா? டிரோன் பறக்குமா?
- ஒளிப்பதிவு உதவியாளர், புதுச்சேரி

கேமராவுக்குக் குளிரைவிட ஈரம்தான் எதிரி. வெளியே உறைந்த கேமராவைச் சமையலறைச் சூட்டுக்குள் கொண்டுவந்தால் லென்ஸுக்கு உள்ளேயே நீர் படியும். உள்ளே வருவதற்கு முன்பே பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, இறுகக் கட்டிவிடுங்கள். உள்ளே வந்து ஒரு மணி நேரம் கழித்துத் திறக்கலாம். நீர் பையின் வெளிப்புறத்தில் படிந்துபோகும். காட்சிகளை அன்றே பார்க்க வேண்டுமானால் மெமரி கார்டை மட்டும் வெளியிலேயே கழற்றிக்கொள்ளுங்கள்.

பேட்டரியைச் சட்டைக்கு உட்பையில் வையுங்கள். உறைநிலைக்குக் கீழே போகப் போக அதன் கொள்ளளவு குறைந்துகொண்டே வரும். தீர்ந்துபோனது போலக் காட்டும் பேட்டரி, உடம்புச் சூட்டில் கொஞ்ச நேரம் இருந்தால் மறுபடி சில நிமிடம் ஓடும். சென்னையில் மூன்று போதுமானால் அங்கே ஆறு எடுத்துச் செல்லுங்கள்.

4,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம்தான். டிரோனின் இறக்கை அதிக வேகமாகச் சுற்ற வேண்டும், பறக்கும் நேரம் குறையும், பள்ளத்தாக்குக் காற்றில் திரும்பிவர முடியாமல் போகும். எல்லைப் பகுதி என்பதால் மாவட்ட நிர்வாகத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். இந்தப் படத்துக்கு டிரோன் அவசியம் என்று எங்களுக்குத் தோன்றவும் இல்லை. ஒன்பதடி அறைக்குள் நடந்த கதை இது. அந்தப் பணத்தில் நல்ல மைக்கும், காற்றிரைச்சலைத் தடுக்கும் ரோம உறையும் வாங்குங்கள். சான்ஸ்காரில் பிற்பகல் காற்று, உறையில்லாத மைக்கில் பேட்டியை முழுசாக விழுங்கிவிடும்.

அகராதிப் பக்கத்தை ஸ்கேன் செய்து பெரிதாக்கினால் மங்குகிறது. ஏன்?
- படத்தொகுப்பாளர், கொழும்பு

கணக்கு எளிது. 4கே படத்தின் அகலம் 3,840 புள்ளி. அங்குலத்துக்கு 600 புள்ளியில் ஸ்கேன் செய்தால் 6.4 அங்குலம் வரைதான் தெளிவாகக் காட்டலாம். ஓர் அங்குல அகலமுள்ள ஒரு சொல்லைத் திரை முழுக்கக் காட்டினால் இருப்பது 600 புள்ளி, தேவையில் ஆறில் ஒரு பங்கு. சொல்லைக் காட்ட வேண்டுமானால் மேக்ரோ லென்ஸ் போட்டு நேரடியாக எடுங்கள். விளக்கைப் பக்கவாட்டில் தாழ வைத்தால், ஈய எழுத்து தாளில் பதிந்த பள்ளம்கூடத் தெரியும்.

மடங்களில் உள்ள நூல்களுக்கு வேறு முறை. அவை நீளவாக்கில் தனித்தனி ஏடுகளாக, இரண்டு பலகைக்கு நடுவே துணி சுற்றிக் கட்டியிருக்கும். நம் ஓலைச்சுவடியின் உருவம்தான். தாளுக்கு மாறிய பிறகும் பனையோலையின் வடிவத்தை அவர்கள் கைவிடவில்லை. ஏட்டை நீங்கள் தொடாதீர்கள், துறவியே திருப்பட்டும். அவர் திருப்பும் வேகம்தான் காட்சியின் வேகம்.

திபெத்திய வாசிப்புக் குரலை இணையத்தில் கேட்டுப் பதிவு செய்யலாமா?
- ஒலிப்பதிவு மாணவர், சென்னை

வேண்டாம். பெரும்பாலும் அது லாசா உச்சரிப்பாக இருக்கும். மொழி என்பதற்கான சொல்லை எழுத்துக்கூட்டினால் ஸ, க, த. லாசாவில் ஸ-வும் கடைசித் த-வும் தேய்ந்து 'கே' என்றாகிவிட்டது. லடாக்கில் இன்றும் 'ஸ்கத்' என்றே சொல்வார்கள். எழுதியதை ஏறத்தாழ எழுதியபடியே ஒலிக்கும் மக்களிடம் சோமா படித்தார் என்பது, இப்படி ஒரு சொல்லை இரண்டு குரலில் அடுத்தடுத்துக் கேட்டால் பத்து விநாடியில் விளங்கிவிடும். அகராதியில் இந்தச் சொல்லை ஸ-வில் தேடினால் கிடைக்காது, வேரெழுத்தான க-வில் தேட வேண்டும். 30 மெய்யெழுத்து, நான்கு உயிர்க்குறி என்று எழுத்து எளிதாகத் தோன்றும். வேரெழுத்து எது என்று கண்டுபிடிப்பதுதான் புதியவரைத் திணறடிக்கும். லாமா விரலால் அந்த எழுத்தைத் தொட்டுக் காட்டுவதாக ஒரு ஷாட் வையுங்கள்.

இந்தக் கதையில் தமிழுக்கு ஏதாவது தொடர்பு உண்டா, அல்லது வலிந்து ஒட்ட வேண்டுமா?
- தமிழாசிரியை, காஞ்சிபுரம்

வலிந்து ஒட்ட வேண்டாம். உங்கள் ஊரிலேயே இருக்கிறது. காஞ்சிப் பல்லவர் அவையோடு இணைத்துச் சொல்லப்படும் தண்டி வடமொழியில் எழுதிய காவியாதர்சம், 13-ஆம் நூற்றாண்டில் திபெத்திய மொழிக்குப் போனது. திபெத்தில் கவிதை எழுதுபவர்கள் அணியிலக்கணத்துக்கு அதையே பாடநூலாக வைத்துக்கொண்டார்கள். அதே நூலின் வழியில்தான் நமக்குத் தண்டியலங்காரம் வந்தது. திபெத்தியத் துறவியும் தமிழ்ப் புலவரும் உவமையையும் உருவகத்தையும் ஒரே ஆசானிடம் படித்திருக்கிறார்கள். சோமா படத்தில் இதற்கு அரை நிமிடத்துக்கு மேல் இடமில்லை. தனிப் படமாக எடுங்கள், அதற்கு அது தகும்.

இந்தியரிலேயே இப்படி ஒருவர் இல்லையா?
- வாசகர், விருதுநகர்

ராகுல் சாங்கிருத்யாயன் (1893-1963). 'வால்காவிலிருந்து கங்கை வரை' நூலைக் கண. முத்தையா மொழிபெயர்ப்பில் படித்தவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. 1929-க்கும் 1938-க்கும் இடையே நான்கு முறை திபெத்துக்குப் போய், இந்தியாவில் மறைந்துபோன வடமொழிப் பௌத்த நூல்களின் சுவடிகளைத் தேடினார். திபெத்திய நூல்களைக் கோவேறு கழுதைகளில் ஏற்றிக்கொண்டு வந்தார். எடுத்துவர முடியாத சுவடிகளைப் புகைப்படம் எடுத்தார். அவை பாட்னாவில் உள்ளன. சோமாவைப் போலவே அவரும் ஓர் ஏப்ரல் மாதத்தில், டார்ஜிலிங்கில்தான் இறந்தார்.

கடைசிக் காட்சி டார்ஜிலிங் கல்லறையில் வைக்க நினைக்கிறேன். அனுமதி தேவையா?
- குறும்பட இயக்குநர், திருநெல்வேலி

தேவை. அது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். கைப்பேசியில் ஒரு படம் எடுப்பது வேறு, முக்காலியும் குழுவுமாகப் போவது வேறு. முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மழையும் மூடுபனியும் இருக்கும். மார்ச் இறுதியோ ஏப்ரலோ போனால் அவர் வந்த அதே பருவம்.

லாசா போகும் எண்ணத்தோடு 1842-இல் கொல்கத்தாவிலிருந்து கிளம்பி, மலையடிவாரச் சதுப்புக்காட்டைக் கடக்கும்போது காய்ச்சலை வாங்கிக்கொண்டார். மார்ச் 24-இல் டார்ஜிலிங் சேர்ந்தார், ஏப்ரல் 11 விடியற்காலை இறந்தார். 58 வயது. டார்ஜிலிங்கை நிர்வகித்த டாக்டர் கேம்பெல், அவர் விட்டுச்சென்ற பொருள்களைக் குறித்துவைத்தார்: நான்கு பெட்டி நூல்களும் தாள்களும், எப்போதும் அணிந்திருந்த நீல உடை, சில சட்டைகள், ஒரு சமையல் பாத்திரம். தேநீரும் சோறும்தான் அவருடைய உணவு.

கல்லறையைச் சுற்றிக் கேமராவை ஓட்டுவதற்குப் பதிலாக இந்தப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். வெறும் மரத்தரை, பொருள்களை ஒவ்வொன்றாக வைக்கும் கைகள், முகம் வேண்டாம், இசையும் வேண்டாம். பெட்டிகளை நிஜமாகவே தாளால் நிரப்புங்கள். காலிப் பெட்டியைத் தரையில் வைக்கும் சத்தத்தை மைக் காட்டிக்கொடுத்துவிடும். பாத்திரம் ஈயம் பூசிய செம்பாக, அடி கரிந்ததாக இருக்கட்டும். அதைக் கடைசியில் வையுங்கள்.